நீரிழிவும் மனக்கவலையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம்மை இன்று பேசுமாறு பணித்த காரியதரிசி அவர்கள், நீரிழிவு நோயுடையார் உண்ணத்தக்கன இவை, தள்ளத்தக்கன இவை என்பதைப் பற்றியே எம் பேச்சு அமையுமென எதிர்பார்த்திருத்தல் கூடும். அவ்விஷயத்தை யாம் தொடப் போவதில்லை. சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்ட வேண்டுமென்பதும், காலையும் மாலையும் நடக்க வேண்டுமென்பதும் இச்சபையில் எவருக்கும் தெரியாதன அல்ல. வெந்தயத்தைப் பற்றியும் பாகற்காயைப் பற்றியும் எம்மினும் விரிவாகப் பேசவல்ல பாட்டிமார் நம் வீடுதோறும் இருக்கின்றனர். யாம் பேசக் கருதியது அந்நோயுடையார் உள்ளத்தே குடிகொண்டிருக்கும் அச்சத்தைப் பற்றி. நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்கின்றோம், சிறுநீரைச் சோதிக்கின்றோம், கண்ணையும் காலையும் சோதிக்கின்றோம். 'உமது மனம் எவ்வாறிருக்கின்றது?' என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

இஃது ஏதோ சிலரைப் பற்றிய சங்கதியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் தேச முழுவதும் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. 20 வயதும் அதற்கு மேலும் ஆனவருள் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு உண்டென்றும், ஆக மொத்தம் 10 கோடியே 10 லட்சம் பேர் அந்நோயுடையாரென்றும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாயிற்படியில் நிற்கின்றனரென்றும் அது கூறுகின்றது. நம் சங்கத்து அங்கத்தினர் ஜாபிதாவை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரே பெரியப்பா, அத்தை, மைத்துனர், மாமியார் என்று நோயுடையாரை எழுதிக்கொண்டு வருவோமாயின், எழுதாமல் விடத்தக்க குடும்பங்கள் மிகச் சிலவே எஞ்சும். கல்லாப்பெட்டியின் முன் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருப்பதே தொழிலாகக் கொண்ட நம்மவரிடையே இதில் வியப்பொன்றும் இல்லை.

மனத்திற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். இச்சம்பந்தம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே வாழ்ந்த தாமஸ் வில்லிஸ் என்னும் வைத்தியர், இந்நோயாளரின் சிறுநீர் தேன்போல் இனிக்குமென்று மேனாட்டு வைத்தியருக்கு எடுத்துக் காட்டியவர். அவரே நீடித்த துக்கமும் இந்நோய்க்கு ஓர் ஏதுவாகலாமென்று எழுதினார். நீர் இனிக்கும் என்ற செய்தி நம் நாட்டு ஆயுர்வேத நூலார்க்கு அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தெரியும். 'மதுமேகம்' என்னும் பெயரே அதற்குச் சான்று. ஆயினும் துக்கத்திற்கும் இனிப்பிற்கும் இடையேயுள்ள வழி யாது என்பதைப் பரீட்சை செய்து காட்டியவர் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்ட்டர் கேனன் என்னும் பேராசிரியர்.

அவர் முதலிலே பூனைகளைக் கட்டிவைத்து அவற்றிற்கு அச்சத்தையும் சினத்தையும் ஊட்டினார். சிறிது நேரத்தில் அவற்றின் நீரிலே சர்க்கரை கண்டது. பின்னர் 1913-ஆம் ஆண்டு அச்சர்வகலாசாலைக் கால்பந்தாட்டக் கோஷ்டியார் அவ்வாண்டின் கடைசிப் பந்தயத்தை ஆடி முடித்தவுடன் 25 பேருடைய நீரைச் சோதித்தனர். 12 பேருடைய நீரில் சர்க்கரை இருந்தது. ஓடியாடிய களைப்பு என்று சொல்வீர்களோ? அப்பன்னிருவருள் ஐவர் மாற்றாளாக வெளியே உட்கார்ந்திருந்தவர். பந்தைக் காலாலும் தொடாதவர். அவர்களை வருத்தியது ஆட்டமன்று, ஆட்டத்தைப் பற்றிய பரபரப்பே. இவர்களுள் ஒருவரும் நீரிழிவு நோயாளரல்லர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நல்ல தேகிகளையே இவ்வாறு ஆட்டிவைக்கும் மனக்கலக்கம், நோயுடையாரை எவ்வாறு ஆட்டும் என்பதை நாமே ஊகித்துக் கொள்ளலாம்.

இதன் காரணமும் எளிதே. அச்சம் தோன்றியவுடன், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள சுரப்பிகள் 'அட்ரினலின்' என்னும் பொருளை இரத்தத்திலே கலக்கின்றன. அது சென்று கல்லீரலைத் தட்டுகின்றது. கல்லீரல் தன் களஞ்சியத்தில் சேர்த்து வைத்த சர்க்கரையை அவிழ்த்து விடுகின்றது. ஓடுவதற்கோ போராடுவதற்கோ வேண்டிய பலத்தை உடனே தருவதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. புலியைக் கண்டு ஓடினவனுக்கு அச்சர்க்கரை செலவாகிவிடும். வட்டிக் கணக்கைப் பார்த்து நடுங்குகிறவன் நாற்காலியை விட்டு எழுவதேயில்லை; எனவே சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றது. உடல்நலமுடையார்க்கு இன்சுலின் வந்து அதை ஒழுங்குபடுத்தும். நீரிழிவுடையார்க்கு அவ்வின்சுலின்தான் குறைவு, அல்லது இருந்தும் பயன்படுவதில்லை. கவலை நாட்கணக்கில் நீடித்தாலோ 'கார்ட்டிசால்' என்னும் வேறொரு சுரப்பும் சேர்ந்து அக்குறையை மிகுவிக்கின்றது.

நிற்க. இதனைக் கேட்டு, 'ஆகவே கவலைப்பட்டதனாலேயே உமக்கு நோய் வந்தது' என்று நோயாளியின் முகத்திற்கெதிரே சொல்லக் கிளம்பிவிடலாகாது. நீரிழிவு பரம்பரையாலும், உடற்பருமனாலும், உழைப்பின்மையாலும், வயதாலும், வேறு பல காரணங்களாலும் வருவது. கவலை அவற்றிற்குத் துணை நிற்கலாம். கவலை ஒன்றே முழுக் காரணமென்று கூறுவது நியாயமன்று. முன்பே வருந்துகிறவன் தலையில் வருந்தியதற்காக ஒரு குற்றத்தையும் ஏற்றுவது என்ன தர்மம்? குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவைப் பற்றியோ இன்னும் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறிக் கணையத்திலுள்ள இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதால் அது வருகின்றது. மிட்டாய் தின்றதனால் வருவதன்று. தாய் வளர்த்த குறையாலும் வருவதன்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு தாயை அவள் புக்ககத்தார் ஆண்டுக்கணக்காய்க் குத்திப் பேசியதை யாம் அறிவோம்.

இனி நோயாளர் அஞ்சும் அச்சங்களைப் பார்ப்போம்.

நோய் உண்டென்று முதன்முதல் அறிந்த நாளில் பலரும் செய்வது, ஒரே ஒரு முறை பார்த்த கணக்கு தவறாயிருக்குமென்று வேறொரு பரிசோதனைச் சாலைக்குப் போவது. அதனை யாம் குறை கூறோம். மறுமுறை பார்த்து உறுதி செய்வது வைத்தியரும் செய்வதே. மூன்றாவது சாலை, நான்காவது சாலை என்று போய்க்கொண்டே, எங்கே குறைவான எண் வருகின்றதோ அதையே நம்புவதுதான் தவறு. அதன்பின் சிலர் சோதிப்பதையே விட்டு விடுகின்றனர். நாமறிந்த வியாபாரி ஒருவர், ஒரு தம்பிடி பிசகினாலும் இரவு உறங்காமல் பேரேட்டைப் புரட்டுகிறவர், குளுக்கோமீட்டரை மாத்திரம் இரண்டு வருஷம் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். 'பார்த்தால்தானே பயம்' என்பது அவர் சொன்ன சமாதானம். வேறு சிலர் டாக்டரிடம் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பு தொடங்கிப் பட்டினி கிடந்து, நல்ல மார்க்கு வாங்கவேண்டிய மாணாக்கரைப்போல் சோதனைக்குப் போகின்றனர். அன்றைய எண் குறைந்து விடுகின்றது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையோ உண்மையைச் சொல்லிவிடுகின்றது. இவர்கள் பொய்யரல்லர். டாக்டர் கோபிப்பாரென்று அஞ்சுகின்றனர். அவ்வெண் நோயாளியின் நல்லொழுக்கத்திற்கு இடும் மதிப்பெண்ணன்று, மருந்தை எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்று வைத்தியருக்கு வழிகாட்டும் குறி என்பதை முதலிலே உணர்த்திவிட்டால் இவ்வச்சத்திற் பாதி தீரும். இப்போது தோளிலே ஒட்டிக்கொண்டு இடைவிடாமல் சர்க்கரையைக் காட்டும் சிறு கருவிகளும் வந்துள்ளன. அவை பலருக்குப் பெருந்துணை. ஆனால் ஐந்து நிமிஷத்திற்கொரு முறை அதையே பார்த்துப் பார்த்து மனம் சோர்வாரும் உளர்.

இன்சுலின் ஊசியைப் பற்றிய அச்சம் எல்லாவற்றினும் பெரிது. அதைச் சிறிது விரித்துப் பேசுதல் வேண்டும். 'இன்சுலின் என்று சொல்லிவிட்டார்கள்' என்று நம் பெண்டிர் ஒருவரோடொருவர் பேசும் குரலைக் கேட்டவர்க்கு, ஏதோ துர்ச்செய்தி வந்ததென்றே தோன்றும். ஊசி குத்தும் நோவுக்கு அஞ்சுகிறவர் சிலரே. இக்காலத்து ஊசி மயிரிழை போன்றது. 'நாம் தோற்றுப் போனோம்', 'இது கடைசிப் படி', 'இனி மீள முடியாது' என்னும் எண்ணமே அவர்களை வாட்டுகின்றது. இதற்கு நாமும் ஒரு காரணம். 'வாயைக் கட்டாவிட்டால் ஊசி போட வேண்டியதுதான்' என்று வீட்டாரும், சில வேளை வைத்தியரும், ஊசியைத் தண்டனைபோல் காட்டி மிரட்டுகின்றனர். அப்படி மிரட்டிய பொருளை ஒரு நாள் மருந்தென்று கொடுத்தால் எவர் மகிழ்ந்து ஏற்பார்? இரண்டாம் வகை நீரிழிவிலே கணையத்தின் சக்தி ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்து வருதல் அந்நோயின் இயல்பு. ஒழுங்காக இருந்தவர்க்கும் பல ஆண்டுகளுக்குப் பின் இன்சுலின் வேண்டியிருக்கலாம். கண்பார்வை மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்வதைத் தோல்வியென்று ஒருவரும் கருதுவதில்லை.

இன்சுலின் வருமுன் இந்நோயாளரின் கதி என்னவென்பதை இளைஞர் அறிந்துகொள்ளல் நன்று. 1919-இல் எலிசபெத் ஹியூஸ் என்னும் அமெரிக்கச் சிறுமிக்கு முதல் வகை நீரிழிவு கண்டது. அவள் தந்தை அத்தேசத்து ராஜாங்க மந்திரியாயிருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் என்பவர். பணத்திற்கும் வைத்தியருக்கும் குறைவில்லை. ஆயினும் அக்காலத்து வைத்தியமாவது பட்டினியே. 1922 ஆகஸ்டு மாதத்தில் அவள் கனடா தேசத்து டொரான்டோ நகரம் சேர்ந்தபோது வயது 14. எடையோ 45 பவுண்டு, ஏறக்குறைய 20 கிலோ. அந்நகரில் முந்திய ஆண்டிலேதான் பான்டிங் என்பவரும் பெஸ்ட் என்பவரும் இன்சுலினைக் கண்டிருந்தனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டிருந்தது. எலும்புக்கூடாய் வந்த எலிசபெத் தேறினாள், மணம் புரிந்தாள், மக்களைப் பெற்றாள், 1981 வரை உயிர் வாழ்ந்தாள். ஏறக்குறைய 42,000 முறை அவர் இன்சுலின் ஏற்றிக்கொண்டார் என்பர். நம் வீட்டிலே கடைசிப் படியென்று அஞ்சப்படும் பொருள் அவருக்கு முதற்படியாயிற்று.

ஆயினும் அவ்வம்மையார் வரலாற்றில் எம்மை அதிகம் சிந்திக்கச் செய்வது வேறொன்று. தமக்கு இந்நோய் உண்டென்பதை அவர் வாழ்நாள் முழுவதும் வெளியார்க்கு மறைத்தே வைத்தார். கல்வியும் செல்வமும் புகழும் நிறைந்த குடும்பத்திற் பிறந்தவர்க்கும் அம்மறைவு வேண்டியிருந்ததாயின், நம் குலத்துப் பெண்ணொருத்தி மறைப்பதில் என்ன ஆச்சரியம்?

இதற்கு நேர்மாறான ஒருவரும் உண்டு. லாரன்ஸ் என்னும் ஸ்காட்லாந்து தேசத்து இளம் வைத்தியருக்கு 1920-இல் நீரிழிவு கண்டது. சாவு நிச்சயமென்று கருதி, தம் வீட்டார் கண்ணெதிரே சாக மனமின்றி, இத்தாலி தேசத்து பிளாரன்ஸ் நகருக்குப் போய்ச் சிறிய வைத்தியத் தொழில் நடத்திக்கொண்டு காத்திருந்தார். 1923-இல் இன்சுலின் கிடைக்குமென்ற செய்தி லண்டனிலிருந்து வந்தது. உடனே திரும்பினார், பிழைத்தார், நீரிழிவு வைத்தியத்திலேயே பெயர் பெற்றார். தம்மிடம் வைத்தியம் செய்துகொண்ட எச். ஜி. வெல்ஸ் என்னும் பிரபல நூலாசிரியரோடு சேர்ந்து 1934-இல் நீரிழிவு நோயாளர்க்கென்றே ஒரு சங்கம் கண்டார். நோயாளரே கூடி, நாணமின்றித் தம் நோயைப் பேசுவதற்கு ஓர் இடம். அவர் 1968 வரை வாழ்ந்தார். சங்கங் கூடுவதன் பயனை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, பலர் வாய்விட்டுச் சொல்லாத ஓர் அச்சம். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்க்குச் சில வேளை சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். 'லோ சுகர்' என்று ஜனங்கள் வழங்குவது இதனையே. 70 மில்லிகிராமுக்குக் கீழே போவது. கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி மிகும், புத்தி தடுமாறும். நடுநிசியில் ஒரு முறை இதனை அனுபவித்தவர், மறுபடி அது வாராதிருக்க வேண்டுமென்று, வேண்டுமென்றே சர்க்கரையை உயர்த்தி வைத்துக்கொள்வதுண்டு. மருந்தைக் குறைப்பார், உறங்கப் போகுமுன் வேண்டாத பலகாரத்தை உண்பார். வீட்டார் அவரைப் பெருந்தீனிக்காரரென்று ஏசுவர். அவரோ உயிருக்குப் பயந்து உண்கிறார்! இதிலே இன்னொரு சிக்கல். வெறும் மனப்பதற்றத்திலும் இதே நடுக்கமும், இதே வியர்வையும், இதே படபடப்பும் உண்டாகும். எது எதுவென்று நோயாளிக்கே தெரியாது. ஆதலால் ஐயம் எழுந்தபோது ஊகிக்காமல் கருவியால் சோதிப்பதே நலம். கருவி கைவசம் இல்லையாயின் சர்க்கரை தாழ்ந்ததாகவே பாவித்து, 15 கிராம் சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரிற் கரைத்துப் பருகி, 15 நிமிஷம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் மாத்திரம் எதையும் ஊற்றலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். அடிக்கடி தாழ்ந்தால் மருந்தின் அளவை மாற்றவேண்டுமென்று பொருள். அதை டாக்டரிடம் சொல்ல வெட்கமென்ன?

கண் போய்விடும், கால் போய்விடும், சிறுநீரகம் போய்விடும் என்னும் அச்சத்தைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர் ஆரஞ்சுப் பழத்துக்குப் பதிலாக இப்போது இக்கதைகளையே கொண்டு வருகின்றனர். 'எங்கள் சம்பந்தியார்க்கும் இப்படித்தான் சின்னப் புண்ணாக ஆரம்பித்தது' என்று தொடங்கினால் முடிவை நீங்களே அறிவீர்கள். இவையெல்லாம் பொய்யென்று யாம் சொல்லவில்லை. கவனியாதார்க்கு வரக்கூடியவையே. ஆனால் விதிபோல் எல்லார்க்கும் வருவன அல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நோயாளர் 1,441 பேரைக் கொண்டு 1983 முதல் 1993 வரை ஒரு பெரும் பரீட்சை நடத்தினார்கள். கண்ணில் பழுது தொடங்காதிருந்தவருள், சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்க்கு அப்பழுது உண்டாகும் அபாயம் 76 சதவிகிதம் குறைந்தது. இச்செய்தியை நோயாளியின் கட்டிலருகே யாரேனும் சொல்லக் கேட்டிருக்கின்றோமா? மாத்திரையே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற வதந்தியால் மருந்தை நிறுத்தி, உயர்ந்த சர்க்கரையினாலேயே சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர் நம்மிடையே உளர். மெட்பார்மின் என்னும் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதன்று. சிறுநீரகம் முன்பே பழுதுபட்டிருந்தால் அதன் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும், அவ்வளவே.

இவ்வச்சங்களும், நாள்தோறும் அளந்து உண்பதும், மருந்தை மறவாதிருப்பதும், ஒரு நாளும் விடுமுறையில்லாத வேலையும் சேர்ந்து மனிதனைக் களைப்பிக்கின்றன. இக்களைப்பை வைத்திய நிபுணர் பைத்தியமென்றோ மனநோயென்றோ கூறுவதில்லை. இது நீரிழிவு தரும் மனச்சுமை. 1995-இல் பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின் நிலையத்தைச் சேர்ந்தவர் இதனை அளப்பதற்கென்றே 20 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியை வெளியிட்டனர். எதிர்காலத்தைப் பற்றிய அச்சம், உணவைப் பற்றிய ஓயாத எண்ணம், ஒழுங்கு தவறியபோது தோன்றும் குற்ற உணர்ச்சி, தனிமை, வீட்டாரும் நண்பரும் துணை நில்லாமை ஆகியவை எவ்வளவு தூரம் வருத்துகின்றன என்பதை அவ்வினாக்கள் கேட்கின்றன. அவ்வினாக்களைக் கேட்பதே பலருக்கு ஆறுதலாகின்றது. தம் மனத்திலிருந்ததை ஒருவர் முன்கூட்டியே அறிந்து கேட்பதுபோல் இருப்பதால்.

மனச்சோர்வு நோய் இதனின் வேறு. இரண்டு வாரத்திற்கு மேல் எதிலும் பற்றின்மை, உறக்கக் கேடு, பசியின்மை அல்லது மிகுபசி, தாம் எதற்கும் உதவாதவர் என்னும் எண்ணம், உயிர் வாழ்வதே வீண் என்னும் நினைவு இவை காணின், அது தானே போய்விடுமென்று காத்திராமல் வைத்தியரிடம் செல்லல் வேண்டும். நீரிழிவுடையாரிடம் இச்சோர்வு மற்றவரினும் ஏறக்குறைய இருமடங்கு காணப்படுகின்றது. சோர்ந்தவர் மருந்தை மறக்கின்றார், நடையை விடுகின்றார், சர்க்கரை ஏறுகின்றது. ஏறினதைக் கண்டு மேலும் சோர்கின்றார். செக்குமாடு போன்ற இச்சுழற்சியை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். அறுக்க முடியுமென்பதற்கு நம் தேசத்திலேயே சான்று உண்டு. இந்தியாவில் நான்கு நீரிழிவு மருத்துவ நிலையங்களில் 404 நோயாளரைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி 2020-இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பாதியார்க்கு, வைத்தியரோடு கூட ஒரு பராமரிப்பாளரும் நியமிக்கப்பட்டு, அவர் அடிக்கடி விசாரித்து, மனச்சோர்வையும் சர்க்கரையையும் சேர்த்தே கவனித்து வந்தார். வழக்கமான வைத்தியம் பெற்றவரினும் இவர்களே இரண்டாண்டு முடிவில் மனத்தாலும் உடலாலும் அதிகம் தேறியிருந்தனர். அதிசய மருந்தொன்றும் அங்கே கொடுக்கப்படவில்லை. விடாமல் விசாரிக்க ஓர் ஆள் இருந்தார். இந்திய அரசாங்கத்தார் 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416, தமிழிலும் பேசலாம், காசு வேண்டுவதில்லை. அவ்வெண்ணைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

தியானமும் பிராணாயாமமும் செய்தால் மருந்தை நிறுத்திவிடலாமா என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். இங்கும் யாரேனும் அதை மனத்தில் வைத்துக்கொண்டிருப்பீர்கள். மன அமைதி நல்லதே. அதனால் உறக்கமும் ஒழுங்கும் வரும், பலருக்குச் சர்க்கரையும் ஓரளவு இறங்கும். மருந்தின் இடத்தை அது பிடிக்காது. முதல் வகை நோயுடையார் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு அபாயம்.

வீட்டாரைப் பற்றி இனிப் பேச வேண்டும். அதுவே எம் நெஞ்சிற்கு நெருங்கியது. நம் குடும்பங்களிலே அன்புக்குக் குறைவில்லை. அவ்வன்பு போலீஸ் உத்தியோகம் பார்ப்பதுதான் கஷ்டம். தட்டிலே ஒரு வடை விழுந்தால் மகன் பார்க்கின்றான், மருமகள் பார்க்கின்றாள், பேரன் 'தாத்தா, உங்களுக்குக் கூடாது' என்கின்றான். எழுபது வருஷம் பிறர்க்கு உத்தரவிட்டு வாழ்ந்தவர் வடையை மறைத்து வைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் தின்கின்றார். தின்றதும் ஒரு கேடு. திருட்டுத்தனமாய்த் தின்ற அவமானம் வேறு. அதே வீட்டில் அம்மாவுக்கு நீரிழிவென்றால் கதை வேறு. அவளைப் போலீஸ் பார்ப்பாரும் இல்லை. எல்லாரும் உண்டபின் மூன்று மணிக்கு மிஞ்சியதை உண்கின்றாள். மாத்திரை எடுத்துக்கொண்டு உணவை அவ்வளவு நேரம் தாழ்த்துவது சர்க்கரை தாழ்வதற்கு வழியென்று ஒருவரும் நினைப்பதில்லை. ஐயாவுக்கு மாதந்தோறும் பரிசோதனை. அம்மாவுக்கு 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.' இவ்வேற்றுமையை நம் வீடுகளிலேயே எண்ணிப் பாருங்கள் என்பதன்றி மேலே யாம் சொல்ல விரும்பவில்லை.

சம்பந்தம் பேசுமிடத்திலோ நோயென்னும் சொல்லே வாயில் வரலாகாது. முதல் வகை நீரிழிவுள்ள பெண்ணை வைத்துக்கொண்டு பெற்றோர் படும் பாட்டை நம்முள் சிலர் அறிவர். மறைத்து மணம் முடித்தால் அப்பெண் புக்ககத்தில் குளிக்கும் அறையிலே ஒளிந்து ஊசி போட்டுக்கொள்கின்றாள். ஒரு வேளை இடம் வாய்க்காவிட்டால் போடாமலே விட்டுவிடுகின்றாள். அதன் விளைவு என்னவென்று முன்பே கூறினோம். ஒழுங்காக வைத்தியம் செய்துகொள்ளும் பெண் மணந்து வாழலாம். கருவுறுமுன்பே சர்க்கரையைச் சீர்ப்படுத்திக்கொண்டு வைத்தியர் மேற்பார்வையில் நல்ல மகவைப் பெறலாம். எலிசபெத் அம்மையார் நூறாண்டுக்கு முன்பே மருந்து பெற்று மூன்று மக்களைப் பெற்றவர். ஜாதகத்தில் தோஷத்துக்கெல்லாம் பரிகாரம் தேடித் தருகின்ற நாம், பரிகாரம் கைமேல் இருக்கின்ற ஒரு குறையை மாத்திரம் மன்னிக்க மாட்டோமென்பது விசித்திரமே. வரன் தேடும் பிள்ளைவீட்டார்க்கும் ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளைக்கு முப்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தால் அதை யாரும் தோஷமென்று சொல்வதில்லையே!

பேசிக்கொண்டே போகலாம்; பந்தி தயாராகிவிட்டதென்று பின்னாலிருந்து குறிப்புக் காட்டுகின்றனர். ஆகவே நிர்வாக சபையார் ஆலோசனைக்காக மூன்று விண்ணப்பங்களை மட்டும் கூறுகின்றோம். முதலாவது, நம் சங்கத்துக் கலியாண மண்டபத்தில் விருந்து நடக்கும்போது பரிமாறுகிறவர் ஒருவரையும் வற்புறுத்தாமல் கேட்டுப் பரிமாற வேண்டும். 'ஒன்று போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது' என்னும் உபசாரம் நின்றுபோக வேண்டும். முதியோர்க்கும் மருந்துண்போர்க்கும் முதற் பந்தியிலேயே இலை போட வேண்டும். இரண்டாவது, மண்டபத்தில் காலியாயிருக்கும் சிறிய அறையைச் சுத்தம் செய்து, நாற்காலியும் விளக்கும் கைகழுவுமிடமும் அமைத்து, ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர் எவரும் ஒளியாமல் போய் வருவதற்கு விட வேண்டும். கழித்த ஊசிகளைப் போட ஒரு மூடியுள்ள பெட்டியும் அங்கிருத்தல் அவசியம். மூன்றாவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நோயுடையார் மட்டும், ஆடவர் ஒரு பக்கமும் பெண்டிர் ஒரு பக்கமுமாக, ஒரு மணிநேரம் கூடிப் பேச இம்மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும். உபந்நியாசம் வேண்டாம், எம்மைப் போன்றோர் வந்து பேசவும் வேண்டாம். இவற்றை எழுத்து மூலமாகவும் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கின்றோம்.